டெல்லிக்குக் குடிவரும் சிறப்புத் தேவைக் குழந்தைக்குப் பள்ளி தேடும் வழி

தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகும் குடும்பங்கள் பெரும்பாலும் மே கடைசியிலோ ஜூனிலோ வந்து இறங்குகின்றன. ஊர்க் கணக்கில் அது பள்ளி திறக்கும் நேரம். டெல்லியில் கல்வியாண்டு ஏப்ரல் 1 அன்றே தொடங்கிவிடும். மே இரண்டாம் வாரத்தில் கோடை விடுமுறை விட்டால் ஜூலை 1 அன்றுதான் மறுபடி திறப்பார்கள். தனியார் பள்ளிகளின் நர்சரி, கே.ஜி. சேர்க்கை அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும். ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு என்று ஏதேனும் ஒன்றுள்ள பிள்ளையோடு ஜூனில் வந்து நிற்கும் பெற்றோருக்குப் பள்ளி வாசலில் பதில் சொல்லக்கூட ஆள் இருக்காது.

சட்டத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் நன்றாகவே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டமும், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பெற்றோர் பக்கம் நிற்கின்றன. அப்படியும் பிள்ளை மாதக்கணக்கில் வீட்டில் இருக்க நேர்கிறது என்றால், பெரும்பாலும் ஆவணங்கள் வரிசை தப்பிப் போயிருக்கும், அல்லது பள்ளி சொன்ன பதில் வாய்வார்த்தையோடு நின்றிருக்கும். எனவே வேலைகள் நடக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே சொல்கிறோம்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் யு.டி.ஐ.டி. அட்டை (மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வாங்கியிருந்தால் அது நாடு முழுவதும் செல்லும். டெல்லிக்கு வந்து புதிதாக எடுக்க வேண்டியதில்லை. முகவரியை மட்டும் அந்த அட்டைக்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் மாற்றிக்கொள்ளலாம். பழைய அடையாள அட்டைப் புத்தகம் மட்டும் இருந்தால், கிளம்பும் முன்பே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக யு.டி.ஐ.டி.க்கு மாற்றிவிடுங்கள். ஊரில் இரண்டு நடையில் முடிகிற வேலை அது. டெல்லியிலிருந்து செய்வது பெரிய அலைச்சல்.

அட்டையில் குறைபாட்டின் வகையும் சதவீதமும்தான் இருக்கும். பள்ளிக்கு அதைவிட அதிகம் உதவுபவை மதிப்பீட்டு அறிக்கைகள்: எந்தத் தேதியில், எந்தச் சோதனை, என்ன மதிப்பெண், யார் செய்தார் என்பது தெளிவாக இருக்க வேண்டும். அறிக்கையில் கையெழுத்திட்ட மருத்துவ உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் ஆகியோரின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத அறிக்கையை டெல்லிப் பள்ளியும் மருத்துவமனையும் ஒதுக்கி வைத்துவிட வாய்ப்பு அதிகம். பயிற்சி மையத்தில் தமிழில் எழுதிக் கொடுத்த குறிப்புகளுக்கு அவர்களிடமே ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம் கேட்டு வாங்குங்கள்.

காக்ளியர் இம்பிளாண்ட் (அறுவை செய்து பொருத்தும் செவிக் கருவி) பொருத்திய பிள்ளையாக இருந்தால் கடைசியாகச் செய்த மேப்பிங்கின், அதாவது கருவியின் ஒலி அளவைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைத்ததன், பதிவைக் கோப்பாகவும் அச்சாகவும் கையோடு கொண்டுவர வேண்டும். அதே கம்பெனி கருவிக்கு மேப்பிங் செய்யும் ஆடியாலஜிஸ்ட் டெல்லியில் எங்கே இருக்கிறார் என்பதையும் கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். அந்தக் கருவியின் வெளிப்பாகமான பிராசசர் பழுதாகி ஒரு மாதம் ஒலி இல்லாமல் போனால், பிள்ளை பேச்சில் பிடித்திருந்த வேகம் குறைந்துவிடும்.

பள்ளி மாற்றுச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வாங்கிவிட்டால் பின்னால் தொல்லை இல்லை. ஆனால் 8ஆம் வகுப்பு வரை மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. சான்றிதழ் வரட்டும் என்று பிள்ளையை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டாம்.

டெல்லியில் சான்றிதழ் எடுப்பது

இன்னும் சான்றிதழ் எடுக்காதவர்கள் ஸ்வாவ்லம்பன் தளத்தில் விண்ணப்பித்து, வசிக்கும் மாவட்டத்தின் அரசு மருத்துவமனையையோ ஏற்கெனவே சிகிச்சை பெறும் மருத்துவமனையையோ தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வையுங்கள். குழந்தைகளுக்கான மதிப்பீட்டுக்கு பங்களா சாகிப் சாலையிலுள்ள கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை, எய்ம்ஸின் குழந்தை நரம்பியல் பிரிவு, தில்ஷாத் கார்டனில் உள்ள இஹ்பாஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை ஆகியவை பலரும் போகும் இடங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் ஐ.டி.ஓ. பக்கத்தில் விஷ்ணு திகம்பர் மார்கில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான பண்டித தீனதயாள் உபாத்யாய தேசிய நிறுவனத்தைப் பாருங்கள். பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி) மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைப்பதால் ஊர் முழுக்க அலைய வேண்டியிருக்காது.

2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் இட ஒதுக்கீடு, வரிச்சலுகை போன்றவை. இங்கே பலரும் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வகுப்பில் உதவி, தேர்வில் கூடுதல் நேரம், பாடத்தில் மாற்றம் ஆகியவற்றைச் சொல்லும் 16, 17ஆம் பிரிவுகள் எல்லா மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் பொருந்தும். அவற்றுக்கு 40 சதவீத எல்லை கிடையாது. அட்டை வெள்ளை நிறத்தில், அதாவது 40-க்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காகப் பள்ளி உதவியை மறுக்க முடியாது.

மதிப்பீட்டு அறையில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல சான்றிதழ்கள் கோணிப்போவது அங்கேதான். சமூக முதிர்ச்சியை அளக்கும் வைன்லேண்ட் அளவுகோல் முழுக்கப் பெற்றோரிடம் கேள்வி கேட்டே நிரப்பப்படுவது. “தானே சாப்பிடுவானா?” என்று கேட்பார்கள். நம் வீட்டுப் பழக்கத்தில் உடனே “சாப்பிடுவான்” என்று சொல்லிவிடுவோம். உண்மையில் அம்மா சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்துக் கையில் வைத்தால் வாயில் போட்டுக்கொள்வான். தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போனால் தொடமாட்டான். இந்த இரண்டாவது பதில்தான் சரியான பதில். நான்கு பேர் முன்னால் பிள்ளையைக் குறைத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆனால் அங்கே நம்பிக்கையைச் சேர்த்துச் சொன்னால், பிள்ளைக்கு வேண்டிய உதவி காகிதத்தில் இல்லாமல் போகும். போவதற்கு முன் ஒரு வாரம், குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, கழிப்பறை, கடைக்குப் போவது என்று ஒவ்வொன்றிலும் பிள்ளை தானாகச் செய்வது எது, சொன்னால் செய்வது எது, கைபிடித்தால் செய்வது எது என்று மூன்று பத்தியாக எழுதிக்கொண்டு போங்கள்.

ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 70-ஐத் தொட்டால் ஆட்டிசம் என்று கணக்கிடுவார்கள். பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறான் என்பதற்கு இரண்டு மூன்று சிறு வீடியோக்கள் கைப்பேசியில் இருப்பது நல்லது. புது இடத்தில், மருத்துவமனைக் கூட்டத்தில், பல பிள்ளைகள் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிடுவார்கள்.

மொழி குழப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

தமிழ்க் குடும்பங்களுக்கு டெல்லியில் தனியாக வரும் சிக்கல் இது. படத்தைக் காட்டி “யே க்யா ஹை?” என்று, அதாவது இது என்ன என்று, இந்தியில் கேட்கிறார் சோதிப்பவர். பிள்ளை “குடை” என்கிறது. அந்தச் சொல் அவருக்குத் தெரியாவிட்டால் “தெளிவற்ற ஒலி” என்று குறித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. பத்துப் பதினைந்து படங்களில் இப்படி நடந்தால், பேசத் தெரிந்த பிள்ளையின் மொழி வயது இரண்டாகப் பதிவாகிவிடும்.

இதைத் தவிர்க்க, முன்பதிவு செய்யும்போதே பிள்ளையின் வீட்டு மொழி தமிழ் என்று எழுத்தில் தெரிவியுங்கள். டெல்லியின் பெரிய அரசு மருத்துவமனைகளில் தமிழ் தெரிந்த மருத்துவரோ செவிலியரோ அநேகமாக இருப்பார்கள், கேட்டால் உதவுவார்கள். இல்லாவிட்டால் பெற்றோர் மொழிபெயர்க்கலாமா என்று கேளுங்கள். அனுமதி கிடைத்தால் கேள்வியை மட்டும் சொல்ல வேண்டும். ஜாடை காட்டக் கூடாது. அறிவுத்திறனுக்கு, சொல் தேவைப்படாத சோதனைகளையும் சேர்க்கச் சொல்லலாம். செகுவின் பலகை அப்படி ஒன்று: வட்டம், நட்சத்திரம், சிலுவை போன்ற பத்து மரத்துண்டுகளை அவற்றின் குழிகளில் எவ்வளவு நேரத்தில் பொருத்துகிறான் என்று பார்ப்பது. வண்ணப் படத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் மெட்ரிசஸ் சோதனையும் அப்படியே. எந்த மொழியில் சோதனை நடந்தது என்பதை அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கற்றல் குறைபாட்டில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தமிழ் வழியில் மூன்றாம் வகுப்பு வரை படித்த பிள்ளை, டெல்லிக்கு வந்த ஆறே மாதத்தில் இந்தி எழுத்தில் தடுமாறினால் அது டிஸ்லெக்ஸியா (வாசிப்புக் குறைபாடு) ஆகிவிடாது. படித்தே இராத மொழி அது. அதே பிள்ளை தமிழ்ப் பத்தியையும் எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து, ண, ன, ந-வைத் தொடர்ந்து மாற்றி, நேற்றுப் படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பது போல் நின்றால், அப்போது சந்தேகிக்க இடமிருக்கிறது. இரு மொழியிலும் ஒரு பக்கம் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து கொண்டுபோங்கள். கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் மதிப்பீடு 8 வயதுக்குப் பிறகுதான் நடக்கும். அதற்கு முன் சான்றிதழ் கிடைக்காவிட்டாலும் வகுப்பில் உதவி கேட்பதை நிறுத்தக் கூடாது.

“வீட்டில் தமிழை நிறுத்துங்கள், இந்தி மட்டும் பேசுங்கள்” என்று சொல்லும் ஆலோசனையை ஏற்க வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசமோ பேச்சுத் தாமதமோ அதிகமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தடுமாற்றமில்லாமல் அம்மா பேசுகிற மொழியை எடுத்துவிட்டால், பிள்ளை ஒரு நாளில் கேட்கும் பேச்சின் அளவே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. தாத்தா பாட்டியோடு தொலைபேசியில் பேசுவதும் நின்றுவிடும். பள்ளிக்குத் தேவையான இருபது முப்பது இந்திச் சொற்களை, தண்ணீர், கழிப்பறை, வலிக்கிறது, வேண்டாம், போதும் என்று அவசியத்திலிருந்து தொடங்கித் தனியாகக் கற்றுக்கொடுத்தால் போதும். படச் சீட்டில் பேசும் பிள்ளை என்றால் படத்தின் கீழே தமிழ், இந்தி இரண்டையும் எழுதி ஒட்டுங்கள்.

எந்த வகைப் பள்ளி

டெல்லி மாநகராட்சியின் எம்.சி.டி. பள்ளிகள் 5ஆம் வகுப்பு வரை. டெல்லி அரசின் சர்வோதயா பள்ளிகளில் பிளஸ் டூ வரை ஒரே இடத்தில் படிக்கலாம். ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது இரண்டு சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இலேயே உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அந்த எண்ணிக்கை நிறைந்துவிடவில்லை; ஆனாலும் அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியரைப் பார்ப்பது இன்று சாதாரணம். 6 முதல் 14 வயதுப் பிள்ளையை ஆண்டின் எந்த மாதத்திலும் சேர்க்கலாம். சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும் முதலில் சேர்த்துவிட்டு, பின்னால் எடுத்துக் கொடுக்கலாம். பயிற்றுமொழி பெரும்பாலும் இந்தி என்பதுதான் நம்மவர்களுக்குத் தயக்கம். ஆங்கிலப் பிரிவு உள்ள பள்ளி எது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ராமகிருஷ்ணபுரம், லட்சுமிபாய் நகர், மோதி பாக், பூசா சாலை, ஜனக்புரி ஆகிய இடங்களில் இருக்கின்றன. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தோடு தமிழும் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் இவை. வீட்டு மொழியில் நான்கு ஆசிரியராவது பேசுவார்கள் என்பது பேச்சு வர வேண்டிய பிள்ளைக்குப் பெரிய உதவி. அதே சமயம், நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளையில் சிறப்பாசிரியர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் நம் பிள்ளைக்குக் கிடைக்கும் என்று நேரில் கேட்டு முடிவெடுங்கள். தமிழ் மட்டும் போதாது.

மத்திய அரசு ஊழியர்களுக்குக் கேந்திரிய வித்யாலயா இயல்பான தேர்வு. அங்கே மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு 3 சதவீத இடமும், அதிகபட்ச வயதில் இரண்டு ஆண்டுத் தளர்வும் உண்டு. வயதுத் தளர்வு முதல்வரின் முடிவுக்கு உட்பட்டது என்பதால் அதை விண்ணப்பத்திலேயே தனி வரியாகக் கேட்டு எழுதுங்கள்.

சிறப்புப் பள்ளி தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதில் குறையாக நினைக்க ஒன்றும் இல்லை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அண்டைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பும் இடத்தில் இலவசக் கல்வி என்று 2016 சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. ஆட்டிசத்துக்கு ஜசோலாவில் ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம், மூளை முடக்குவாதத்துக்கு ஹவுஸ் காஸில் ஆதி, செவித்திறன் குறைபாட்டுக்கு டெல்லி கேட் பக்கம் லேடி நாய்ஸ் அரசுப் பள்ளி, பார்வைக் குறைபாட்டுக்கு ராமகிருஷ்ணபுரம் செக்டார் 5-இல் தேசிய பார்வையற்றோர் சங்கம் ஆகியவை பல்லாண்டு அனுபவம் உள்ளவை. கர்கர்டூமாவில் உள்ள அமர் ஜோதியில் குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். கடும் குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி என்ற வழியும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது பிள்ளையும் பெற்றோரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதற்கானது. பள்ளி தன் வசதிக்காக உங்கள் மேல் சுமத்துவதற்கானது அல்ல.

தனியார் பள்ளியில் 3 சதவீத இடம்

அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்புகளில் (நர்சரி, கே.ஜி., முதல் வகுப்பு) 25 சதவீத இலவச இடங்கள் உண்டு. டெல்லியில் அதில் 22 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்கு. 3 சதவீதம் சிறப்புத் தேவைக் குழந்தைகளுக்கு. இந்த 3 சதவீதத்துக்கு வருமானச் சான்றிதழ் தேவையில்லை. நல்ல சம்பளக்காரர்கள் நமக்கில்லை என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது.

கல்வி இயக்குநரகத்தின் இணையதளத்தில் ஜனவரி முதலே சுற்றறிக்கையைப் பார்த்து வாருங்கள். தேதிகளும் வயது வரம்பும் அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கைப்படிதான். இந்தப் பிரிவுக்கு வயது வரம்பு பொதுப்பிரிவை விடத் தளர்வாக இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரே விண்ணப்பம். அப்பா பெயரில் ஒன்று, அம்மா கைப்பேசி எண்ணில் ஒன்று என்று இரண்டு போட்டால் விண்ணப்பம் ரத்தாகும். கணினிக் குலுக்கலில் இடம் வந்தால் கைப்பேசிக்குச் செய்தி வரும். சொன்ன நாளுக்குள் பள்ளிக்குப் போய் ஆவணம் காட்டாவிட்டால் அந்த இடம் போய்விடும். எனவே அந்த மாதங்களில் எண்ணை மாற்றாதீர்கள்.

முகவரி டெல்லிக்குள் இருக்க வேண்டும். நொய்டா, குருகிராம், காசியாபாத், ஃபரிதாபாத் எல்லாம் வேறு மாநிலங்களைச் சேர்ந்தவை. அங்கே வீடெடுத்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. அலுவலகம் நொய்டாவில் இருந்தாலும் டெல்லி எல்லைக்குள் இருக்கும் மயூர் விகாரில் வீடு பிடிப்பதா என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டதாக இருக்கட்டும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது

விடுமுறை நாளில் போகாதீர்கள். வகுப்பு நடக்கும்போது போங்கள். ‘ரிசோர்ஸ் ரூம்’ என்ற பலகை தொங்கும், சிறப்பாசிரியர் பாடம் நடத்துவதற்கான அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே பழைய நாற்காலிகளும் ஆண்டு விழாத் தட்டிகளும் அடுக்கியிருந்தால் அந்த அறை பயன்பாட்டில் இல்லை. சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியை ஆசிரியை ஒருவரால் தள்ள முடியாது. தரைத்தளக் கழிப்பறை பூட்டாமல் இருக்கிறதா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். பள்ளி வண்டியில் உதவியாளர் ஏறுவாரா என்பதையும்.

டெல்லிக்கே உரிய ஒன்றும் உண்டு. நவம்பர் வாக்கில் காற்று மாசு உச்சத்தைத் தொட்டால் தொடக்க வகுப்புகளை இணையவழிக்கு மாற்றுவார்கள். ஜனவரிக் குளிரிலும் விடுமுறை வரும். ஒழுங்கு மாறினால் நிலைகுலையும் ஆட்டிசப் பிள்ளைக்கு இது பெரிய அடி. அந்த நாட்களில் சிறப்பாசிரியர் தனியாக அழைத்துப் பேசுவாரா, வேலைத்தாள் அனுப்புவாரா என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

‘ஷேடோ டீச்சர்’ (பிள்ளையின் பக்கத்திலேயே இருக்கும் துணை ஆசிரியர்) வைத்தால்தான் சேர்ப்போம், சம்பளம் நீங்கள் தாருங்கள் என்று தனியார் பள்ளிகள் சொல்வது வாடிக்கையாகிவிட்டது. துணை ஆசிரியர் தேவைப்படும் பிள்ளைகள் உண்டுதான். ஆனால் சேர்க்கைக்கு அது ஒரு நிபந்தனை என்றால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள். துணை ஆசிரியரை ஏற்றுக்கொண்டாலும், அவரை எந்த மாதத்தில் குறைக்கத் தொடங்குவது என்று தேதி வையுங்கள். தேதி இல்லாவிட்டால் வகுப்பாசிரியர் பிள்ளையின் பக்கம் திரும்புவதே நின்றுவிடும்.

ஐ.இ.பி.: ஒரு வரி எப்படி இருக்க வேண்டும்

சேர்ந்த ஒரு மாதத்துக்குள் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது எல்லோரும் ஐ.இ.பி. என்று சொல்வது, எழுதப்பட வேண்டும். பல பள்ளிகளில் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரே தாளை நகலெடுத்துப் பெயரை மாற்றித் தருகிறார்கள். “கவனம் மேம்பட வேண்டும்”, “சமூகத் திறன் வளர வேண்டும்” என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மார்ச்சில் அது மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலைக்காகும் வரி இப்படி இருக்கும்: “முதல் பாடவேளையில், ஒரு முறை நினைவூட்டினால், 10 நிமிடம் இடத்தில் அமர்ந்து கரும்பலகையிலிருந்து இரண்டு வரி எழுதுவான், வாரத்தில் 5 நாளில் 4 நாள், செப்டம்பர் கடைசிக்குள், குறித்து வைப்பவர் வகுப்பாசிரியர்.” யார், எப்போது, எவ்வளவு, எந்த உதவியோடு, யார் கணக்கு வைப்பார் என்ற ஐந்தும் ஒரே வரியில் இருக்கின்றன. இப்படி நான்கைந்து இலக்குகள் ஒரு பருவத்துக்குப் போதும். இருபது இலக்கு எழுதினால் ஒன்றும் நடக்காது. கூட்டம் முடிந்ததும், பேசியதை அன்றே மின்னஞ்சலில் சுருக்கி அனுப்பிவிடுங்கள்.

மறுத்தால்

“சீட் இல்லை”, “எங்களிடம் சிறப்பாசிரியர் இல்லை”, “இந்தப் பிள்ளைக்கு வேறு பள்ளி நல்லது”. இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். இரண்டாவது பதில் மறுப்புக்குக் காரணமாகாது, சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளே சிறப்பாசிரியரை நியமிக்கச் சொல்கின்றன. விண்ணப்பத்தை இரண்டு பிரதியாகக் கொடுத்து, ஒன்றில் முத்திரையும் டைரி எண்ணும் (கடிதம் வந்ததைப் பதியும் எண்) வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். “கல்வி உரிமைச் சட்டம் 3ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவு ஆகியவற்றின்படி சேர்க்கை கோருகிறேன், மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தரவும்” என்ற ஒரு வரி விண்ணப்பத்தில் இருக்கட்டும்.

பதில் வராவிட்டால் ஸோன் துணைக் கல்வி இயக்குநரிடம் போகலாம். மாற்றுத்திறன் குழந்தைகளின் சேர்க்கையைக் கவனிக்க மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. அவர் யார் என்று கேளுங்கள். அடுத்தது டெல்லி குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், டெல்லி மாற்றுத்திறனாளிகள் ஆணையர். கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அமைப்பு என்றால் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் தலைமை ஆணையர். இவர்களிடம் புகார் தர வக்கீல் வேண்டியதில்லை. டைரி எண்ணுள்ள பிரதி இருந்தால் போதும். சேர்ந்த பிள்ளையை 8ஆம் வகுப்பு முடியும் வரை வெளியேற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். “நீங்களே டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கேட்டால் கையெழுத்திட வேண்டாம்.

பொதுத்தேர்வுக்கு முன்னேற்பாடு

சி.பி.எஸ்.இ.யில் இந்தப் பிள்ளைகளுக்கு 8ஆம் வகுப்பு வரை மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு உண்டு. பத்தாம் வகுப்பில் இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி போதும். கணிதம், அறிவியலுக்குப் பதில் ஓவியம், இசை, மனையியல் போன்றவற்றையும் எடுக்கலாம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடமும், இரண்டு மணி நேரத் தேர்வுக்கு 40 நிமிடமும் கூடுதல். எழுதிக்கொடுக்க ஆள், பெரிய எழுத்து வினாத்தாள், தட்டச்சு செய்ய இணையமில்லாத கணினி ஆகியவற்றைக் கேட்கலாம். வருகைப் பதிவிலும் 50 சதவீதம் வரை தளர்வு கேட்க முடியும்.

இவை எதுவும் தானாக வராது. 9ஆம் வகுப்புப் பதிவிலேயே பிள்ளையைச் சிறப்புத் தேவை மாணவராகக் குறித்து, பாடத் தேர்வையும் முடிவு செய்ய வேண்டும். 8ஆம் வகுப்பின் அரையாண்டிலேயே பள்ளியோடு உட்கார்ந்து பேசுங்கள். பலர் பத்தாம் வகுப்பு ஜனவரியில் சான்றிதழைத் தேடி ஓடுகிறார்கள். அப்போது மருத்துவமனைத் தேதியும் கிடைக்காது, பாடத்தையும் மாற்ற முடியாது. எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் 9ஆம் வகுப்பு முதலே பள்ளித் தேர்வுகளில் பழக்குங்கள். மனத்தில் உள்ள பதிலை இன்னொருவர் கைக்கு ஏற்ற வேகத்தில் வாயால் சொல்வது தனித் திறமை. முதல் தேர்வில் யாருக்கும் வராது.

அந்த வேகம் பிள்ளைக்கு ஒத்துவராவிட்டால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. தலைமையகம் பக்கத்திலேயே, நொய்டா செக்டார் 62-இல். 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். குறைந்தது ஐந்து பாடம். ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. இரண்டு பாடம் இந்த முறை, மூன்று பாடம் அடுத்த முறை என்று பிரித்து எழுதலாம். தமிழை மொழிப் பாடமாக எடுக்கலாம் என்பது நமக்கு வசதி. சிறந்த வழிதான்; பள்ளி தன் தேர்ச்சி விகிதத்தைக் காப்பதற்காகத் தள்ளும்போது மட்டும் போகாதீர்கள்.

பணமும் பணியும்

மத்திய அரசு ஊழியர்களுக்கு மாற்றுத்திறன் பிள்ளைக்கான கல்விப்படி மற்றவர்களுக்குக் கிடைப்பதைப் போல் இரு மடங்கு. குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கான 18 வயது வரம்பும் 40 சதவீதக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இல்லை. அந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரை வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்று பணியாளர் துறையின் 2014 உத்தரவு சொல்கிறது. நிர்வாகத் தேவைக்கு உட்பட்டது என்றாலும், பயிற்சியும் பள்ளியும் ஒரு வழியாக அமைந்த பிறகு அடுத்த மாற்றல் வராமலிருக்க இதைக் கேட்டு விண்ணப்பிப்பது அவசியம். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தவர்களுக்கு மாற்றுத்திறன் பிள்ளையின் பராமரிப்புக்காக ரூ.75,000, குறைபாடு 80 சதவீதம் எட்டினால் ரூ.1,25,000 கழிவு உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை மருத்துவச் செலவுக்கு உதவும். பேச்சு, இயன்முறைப் பயிற்சிகளுக்கும் அதில் தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்குச் சக்கர நாற்காலி, காது கருவி போன்றவை சமக்ர சிக்ஷா என்ற அரசுக் கல்வித் திட்டத்தின் முகாம்களில் இலவசம். முகாம் தேதியைச் சிறப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள்.

இந்த நான்கு வகையில் உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும், பெற்றோர் என்ற முறையில் வங்கியிலோ மருத்துவமனையிலோ அவருக்காகக் கையெழுத்திடும் உரிமை தானாகத் தொடராது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். யு.டி.ஐ.டி., பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று ஆகிய மூன்றிலும் பெயரும் எழுத்தும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதை அதற்கு ஓராண்டு முன்பே சரிபாருங்கள். தமிழ்நாட்டு ஆவணத்தில் முன்னெழுத்து, டெல்லி ஆவணத்தில் அப்பா பெயர் முழுதாக என்று மாறி இருப்பதுதான் அங்கே விண்ணப்பம் திரும்பி வரும் முதல் காரணம்.